பத்தாவது ஆள்

ஜனவரி 11

என் நிமிஷத்துக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கே பஸ் நேரம் குறித்துக் கொடுக்கிறவன், சின்ன வயதிலிருந்தே ‘நிமிஷம்’ என்று பட்டப்பெயர் வாங்கியவன், தன் சாப்பாட்டு நேரத்தை மறந்தான் என்றால் நன்றாகவா இருக்கிறது?

போனில் பேசினால் உன் வாயில் ‘சரி’யைத் தவிர வேறு வார்த்தை வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் தபால் வழிக் கல்லூரியில் இந்த வருஷம் ஒழுக்கவியல் பாடம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் பாடமே பயன்வாதம். பெயரைப் பார்த்து ஓடிவிடாதே, விஷயம் எளிது.

ஒரு காரியம் சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வது? அரசர் சொன்னார், மதகுரு சொன்னார், காலங்காலமாக இப்படித்தான் என்று போய்க்கொண்டிருந்த உலகத்தில், இருநூறு வருஷத்துக்கும் முன்னால் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். வக்கீல் வீட்டுப் பிள்ளை. அவரும் வக்கீலுக்குத்தான் படித்தார், ஆனால் கோர்ட்டில் நின்று வாதாடப் பிடிக்கவில்லை. அற்பத் திருட்டுக்கும் தூக்கு என்றிருந்த சட்டங்களைப் பார்த்து, இதனால் யாருடைய துன்பம் குறைந்தது, யாருக்குச் சந்தோஷம் கூடியது என்று கேட்க ஆரம்பித்தார். நிறையப் பேருக்கு நிறையச் சந்தோஷம் என்கிற பேச்சு அவருக்கு முன்பே இருந்ததுதான். அதை அளவுகோலாக்கி ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்தவர் இவர். அளப்பதற்குக் கேள்விகளும் வைத்தார். அந்தச் சந்தோஷம் எவ்வளவு பலமானது, எவ்வளவு காலம் நிற்கும், வருவது நிச்சயமா, சீக்கிரம் வருமா, பின்னால் வேறு சந்தோஷத்தையும் கூட்டி வருமா, துன்பம் கலக்காமல் இருக்குமா, எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்?

இதற்கு எனக்கு ஒரு உதாரணம் வேண்டும். புத்தகங்களில் எல்லாம் யாராவது கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் படிக்கிறவர்கள் நர்ஸும் தையல்காரரும் வாட்ச்மேனும். அவர்கள் தினம் பார்க்கிற ஏதாவது உன் டிப்போவில் இருந்தால் எழுது.

அம்மாவைப் போய்ப் பார்த்தாயா? அப்பா தினமும் நடுப்பகல் பஸ்ஸில் பராமரிப்பு இல்லத்துக்குப் போய், தன் கையால் அம்மாவுக்கு ஊட்டிவிட்டு வருகிறார். அவள் எதை விரும்பிச் சாப்பிட்டாள், எதைத் துப்பினாள் என்று மாதாமாதம் எனக்கு எழுதுகிறார். நீ அதே ஊரில் இருக்கிறாய். உன் பேச்சில் அம்மாவைக் காணோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு பரவாயில்லை. அத்தானை வெந்நீர் குடிக்கச் சொல்.

உதாரணம் கேட்டாய். கைவசம் ஒன்று சூடாகவே இருக்கிறது. ஏழாம் நம்பர் பஸ் பெரிய ரோட்டில் நேராகப் போகாமல், நம் சோப்புக் குடியிருப்புக்குள் புகுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் மறுபடி ரோட்டுக்கு வரும் என்று உனக்குத் தெரியும். சோப்புத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் போட்ட வழி. தொழிற்சாலை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது, வட்டம் மட்டும் நிற்கவில்லை. அப்பாவைப் போல ரிட்டையர் ஆன சிலர்தான் அங்கே மிச்சம். அவர்களுக்காக உள்ளே உட்கார்ந்திருக்கிற அறுபது பேருக்கும் பத்து நிமிஷம் வீண். வேலைக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் எல்லாரும் டிரைவரைத் திட்டுகிறார்கள்.

எங்கள் விதி இதுதான். ஒரு வளைவில் எந்த டிரிப்பிலும் பத்துப் பேர் ஏறவில்லை என்றால் அந்த வளைவை எடுத்துவிடலாம். காலையிலும் மாலையிலும் அங்கே ஏறுவது இரண்டு மூன்று பேர். நடுப்பகல் டிரிப்தான் கூட்டம். கணக்கெடுக்க நானே ஒரு வாரம் அந்த பஸ்ஸில் போனேன். ஒன்பது பேர்.

அப்பாவைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் பத்து. டிப்போவில் அந்த வட்டத்துக்கு ‘அப்பா வளைவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டைம்டேபிள் போடுகிறவன் தன் அப்பாவுக்காக ஊரைச் சுற்ற விடுகிறான் என்று கேன்டீனில் பேச்சு. இனி யாரும் விரல் நீட்ட முடியாது. வளைவை எடுக்கலாம் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். உன் வக்கீல் இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.
தம்பி

*

பிப்ரவரி 8

என் நிமிஷத்துக்கு,

நாங்கள் நலம். வெந்நீர் குடிக்கச் சொன்னதற்கு உன் அத்தான் என்னை முறைத்தார்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆளாளுக்குத் தன் வீட்டு வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்கிற காலத்தில், சொந்த அப்பாவைக் கணக்கிலிருந்து எடுத்தானே என் தம்பி. அந்த வக்கீலின் முக்கியமான விதியே அதுதான். மந்திரியாக இருந்தாலும் மாட்டுக்காரனாக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று, யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை. ஒரு படி மேலே போய் மாட்டையும் குதிரையையும்கூடச் சேர்த்துக்கொண்டார். யோசிக்கத் தெரிய வேண்டாம், பேசத் தெரிய வேண்டாம், வலி தெரிந்தால் போதும், அந்த உயிரும் கணக்கில் உண்டு என்றார்.

ஆள் கொஞ்சம் கிறுக்கும்தான். செத்த பிறகும் தன் உடம்பு யாருக்காவது பயன்பட வேண்டும் என்று, அறுத்துப் படிக்கச் சொல்லி எழுதிவைத்தார். மிச்சமான எலும்புக்கு அவருடைய சட்டையை மாட்டி ஒரு கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். தலை மட்டும் மெழுகு. உன் மேனேஜரைவிட ஒழுங்காக வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்.

உன் வளைவைப் பாடத்தில் சேர்த்துவிட்டேன். பாரபட்சம் இல்லாமல் இருப்பதற்கு உதாரணம், டைம்டேபிள் போடுகிற ஒருவர். ஒரு பிரதியை அப்பாவுக்கும் அனுப்புகிறேன். காது மந்தமான பிறகு அவருக்குப் படிப்பதுதானே பொழுதுபோக்கு.

வளைவை எடுத்துவிட்டால் அப்பா எப்படிப் போவார்? அதை நீ எழுதவில்லை. அம்மாவைப் பற்றியும் எழுதவில்லை.

அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முதல் தேதியிலிருந்து ஏழாம் நம்பர் நேராகப் போகிறது. ஒரு நர்ஸ் டிப்போவுக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். கேன்டீனில் வாய்கள் அடங்கின. அப்பா பெரிய ரோடு வரை நடந்து வந்து ஏறிக்கொள்கிறேன் என்றார். நடை மேம்பாலத்தைத் தாண்டினால் ஸ்டாப். சும்மா கொஞ்ச தூரம்.

அத்தானுக்கு என் அன்பு.
தம்பி

*

ஏப்ரல் 2

பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் கொஞ்சம் முனகுகிறது. இத்தனை வருஷம் சோப்புக் கொப்பரை பக்கத்தில் நின்ற காலுக்கு முனக உரிமை உண்டு.

உன் பாடத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அந்த டைம்டேபிள்காரர் யார் என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் எண்ண வந்த வாரம் நானும் அந்த பஸ்ஸில்தானே போனேன். மற்றவர்கள் ஏறும்போதெல்லாம் பென்சில் அசைந்தது. கடைசியாக நான் ஏறினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சரி, பிள்ளைக்குச் சங்கடம் வேண்டாம் என்று நானும் அடுத்த ஜன்னலைப் பார்த்தேன்.

அவன் செய்தது சரிதான். ஒரு கிழவனுக்காக அறுபது பேர் சுற்றுவதா? நீ அவனைத் திட்டாதே.

குடை வாங்கிக்கொண்டேன். நடந்து போகிறேன். மேம்பாலத்துப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டியிருக்கிறது, அதனால் சமைத்துவிட்டுக் கிளம்பினால் நடுப்பகல் பஸ் போய்விடுகிறது, அடுத்ததில் போய்ச் சேர நேரமாகிறது. அம்மா நன்றாகத் தூங்குகிறாள். முகம் அமைதியாக இருக்கிறது. நேற்றும் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு வராந்தா பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். அந்த இடத்தில் காற்று நன்றாக வருகிறது.

மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

அன்புடன்,
அப்பா

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. அப்பாவின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வா.

படித்தாயா? முன்பெல்லாம் அவர் கடிதம் முழுக்க அம்மா சாப்பிடுவாள். இந்தக் கடிதத்தில் அம்மா தூங்க மட்டும் செய்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் படுக்க வைத்துவிடுவார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா போய்ச் சேர்வதற்குள் யாரோ ஊட்டி முடித்துவிடுகிறார்கள். அவர் தூங்குகிற முகத்தைப் பார்க்க மேம்பாலம் ஏறி இறங்குகிறார். அதைக்கூடக் குறையாகச் சொல்லாமல் காற்று வருகிறது என்று எழுதுகிறார்.

நேற்றெல்லாம் என் பாடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை என்று பெரிதாக எழுதினேனே, யாரும் ஒன்றுக்குக் குறைவும் இல்லை என்பது அதே விதியின் மறுபாதி. என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. நீ அப்பாவுக்கு இரண்டு பங்கு கொடுத்திருந்தால் அது பாரபட்சம். பூஜ்யம் கொடுத்தாயே, அதுவும் பாரபட்சம்தான். வேறு யாருடைய அப்பாவாக இருந்திருந்தால் உன் பென்சில் அசைந்திருக்கும். உன் அப்பா என்பதால் அவருக்கு ஒரு ஆளுக்குரிய இடம்கூட இல்லாமல் போனது. அதற்கு நான் கைதட்டினேன். உன்னைவிட என் மேல்தான் எனக்குக் கோபம்.

தலையை எண்ணுவதோடு அந்த வக்கீல் நிறுத்தவும் இல்லை. எவ்வளவு பலமானது என்பதைத்தான் முதல் கேள்வியாக வைத்தார். அறுபது பேருக்கும் ஆளுக்குப் பத்து நிமிஷம் மிச்சமானது உண்மை, அதைச் சின்னதாகச் சொல்ல மாட்டேன். அப்பாவுக்குப் போனது பத்து நிமிஷம் இல்லை. அந்த ஒரு வேளைக்காகத்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார்.

பதில் எழுது.
அக்கா

*

மே 3

என் நிமிஷத்துக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தான் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வருகிறார்.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். பேசியதை வாபஸ் வாங்கவில்லை, குரலைத்தான் குறைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வக்கீலுக்கு ஒரு நண்பர். நண்பர் தன் மகனைப் பள்ளிக்கே அனுப்பாமல், தானே உட்கார்ந்து இந்தக் கொள்கைக்கென்றே வளர்த்தார். பையன் மகா கெட்டிக்காரன். இருபது வயதில் ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டான், உலகத்தில் நாம் திருத்த நினைப்பதெல்லாம் திருந்திவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்று. இருக்காது என்று மனசு சொன்னது. ஆள் அப்படியே இடிந்துபோனான். ஊரார் சந்தோஷத்துக்கெல்லாம் கணக்குப் போட்டவனுக்குத் தன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. கவிதை படித்துப் படித்துத்தான் மெல்ல எழுந்தான். பிறகு அவன் எழுதியபோது, எல்லாச் சந்தோஷமும் ஒரே ரகம் இல்லை, அளவோடு தரமும் உண்டு என்று சேர்த்துக்கொண்டான். உன் சந்தோஷத்துக்கும் அடுத்தவன் சந்தோஷத்துக்கும் நடுவே சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளைப் போல நின்று பார் என்றும் சொன்னான். அப்படிப் பார்க்கிறவன் கணக்கில் நீயும் ஒரு ஆள், இல்லையா?

அதை எழுதும்போது உன் ஞாபகம் வந்தது. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவை எண்ணினால் அவர் எங்கே போகிறார் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஜன்னலைப் பார்த்தாயா?

அக்கா

*

மே 21

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன்.

ஆமாம். அம்மாவைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கடைசியாகப் போனபோது டியூட்டியிலிருந்து நேராகப் போனேன். கழுத்தில் டிப்போ அட்டை தொங்கியது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, ஏழாம் நம்பர் எப்ப வரும்?” என்று கேட்டாள். வரும்மா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

“பஸ் ரொம்ப லேட்டாச்சுன்னா கவலப்படாதீங்க. என் பையன் டிப்போலதான் இருக்கான். அவன்கிட்ட சொன்னா வந்துரும்.”

சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கக் கால் வரவில்லை. அவளுக்குத்தான் யார் என்று தெரியவில்லையே, யார் ஊட்டினால் என்ன, யார் பார்த்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கணக்குப்படி அவளுக்கு நஷ்டமே இல்லை என்று நினைத்தேன்.

நீ கேட்டது உண்மை. அப்பா ஏறியபோது அவர் கையில் அம்மாவுக்கான சாப்பாட்டு டப்பா இருந்தது, ஸ்பூனைத் துணியில் சுற்றி மேலே வைத்திருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. கேன்டீன் பேச்செல்லாம் ஒரு சாக்கு. இப்போது நான் என்ன செய்ய? எடுத்த வளைவைத் திரும்பப் போடச் சொல்லி, அதுவும் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றால் சிரிப்பார்கள்.

தம்பி

*

மே 30

என் நிமிஷத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அத்தான் இருமலை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நீ அவ்வளவு பாரத்தைத் தனியாகச் சுமந்தாய் என்று தெரியாமல் உன்னைக் குடைந்துகொண்டே இருந்தேன். இருந்தாலும் நீ தப்பாகப் படித்த ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். ஆள் தெரிகிறதா என்று அந்த வக்கீல் கேட்கவே இல்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் இடம் கொடுத்தவர் நம் அம்மாவை வெளியே நிற்க வைப்பாரா? அப்பா ஊட்டினால் துப்பாமல் சாப்பிடுகிறாள். அவர் கை அவளுக்குத் தெரிகிறது, பெயர் தெரியாவிட்டால் என்ன?

சிரிப்பார்கள் என்கிறாய். சிரிக்கட்டும், அதையும் துன்பத்தில் சேர்த்துக்கொள். சேர்த்த பிறகு எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்று நீயே பார். மறுபடி எண்ணியும் பத்து வராவிட்டால் அப்பாவிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடு, அவர் ஏற்றுக்கொள்வார். நான் என் பாடத்திலிருந்து உன்னைப் பாராட்டிய பத்தியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே? என் வயிறு ஆச்சரியமாக அமைதியாக இருக்கிறது.

மேனேஜரிடம் போனேன். கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டேன் என்றேன். யாரை என்றார். எங்கள் அப்பாவை என்றேன். நீ நினைக்கிற அளவுக்குச் சிரிப்பு இல்லை, அதைவிட அதிகம். ‘அப்பா வளைவு’ மறுபடி கேன்டீனுக்கு வந்துவிட்டது, இப்போது என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். மேனேஜர் நியாயமான மனுஷன். சொந்தக்காரன் எண்ண வேண்டாம் என்று, ஏழாம் நம்பரை ஒரு வாரத்துக்கு மட்டும் பழைய வழியில் விட்டு, பெண் கண்டக்டர் ஒருவரை எண்ணச் சொன்னார். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவர் பத்து என்று எழுதிக் கொடுத்தார்.

காலையும் மாலையும் பஸ் நேராகத்தான் போகும், அந்த நர்ஸுக்குக் கஷ்டம் இல்லை. நடுப்பகல் டிரிப் மட்டும் குடியிருப்புக்குள் வரும்.

முதல் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த ஸ்டாப்பில் போய் நின்றேன். கழுத்து அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். அப்பா டப்பாவோடு வந்தார். “என்னப்பா, டியூட்டியா?” என்று கேட்டார். இல்லை, பயணம் என்றேன். அவர் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். வழக்கம்போல எல்லாரையும் ஏற்றிவிட்டுத் தான் ஏறினார். அவருக்குப் பின்னால் நான் ஏறினேன். அந்தப் பெண் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, “பதினொண்ணு,” என்றார். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அம்மா விழித்திருந்தாள். அப்பா டப்பாவைத் திறந்து ஸ்பூனை என் கையில் கொடுத்தார். ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினேன். முதல் வாயைத் துப்பினாள். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, ஸ்பூனை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று காட்டினார். அடுத்த வாய் உள்ளே போனது. சாப்பிட்டு முடித்ததும் அம்மா என் அட்டையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பஸ் வந்துருச்சா?”

“வந்துருச்சும்மா.”

அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“நான்தான் சொன்னேன்ல. என் பையன்கிட்ட சொன்னா வந்துரும்னு.”

இனி அம்மா என்ன சாப்பிட்டாள் என்று உனக்கு நான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கை ஓயட்டும். அத்தானுக்கு என் அன்பு.

உன்
நிமிஷம்